கோப்பேங்: ஈயம் ஓய்ந்த ஊரில் துடுப்புப் போடலாம் வாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போவுக்குத் தெற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டரில் இருக்கிறது கோப்பேங். ஈயத்தை (வெள்ளீயம், ஆங்கிலத்தில் டின்) நம்பி வாழ்ந்த இந்த ஊருக்கு இன்று கம்பார் ஆற்றில் ரப்பர் படகு விடவும் குகை பார்க்கவும் ஆட்கள் வருகிறார்கள். நான் இந்த ஆற்றில் படகு வழிகாட்டி. வரும் முன் பலரும் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எனக்கும் என் மகளுக்கும் நீச்சல் தெரியாது. வரலாமா? (ஒரு தாயார், கிள்ளான்)

தாராளமாக வரலாம், அம்மா. ஆற்றில் படகு விடுவது எவ்வளவு கடினம் என்பதை 1 (எளிது) முதல் 6 (மிகக் கடினம்) வரை தரம் பிரிப்பார்கள். நாங்கள் படகு விடும் பகுதி 3-ஐத் தாண்டாது. வயது வரம்பை மட்டும் படகு நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

உயிர்காப்பு அங்கியை மாட்டியதும் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுத்துப் பாருங்கள். அது காது வரை ஏறினால் வாரைத் தளர்வாகக் கட்டியிருக்கிறார்கள் என்று பொருள். இறுக்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம். துடுப்பின் மேல் முனையில் குறுக்காக ஒரு பிடி இருக்கும். அதை உள்ளங்கையால் மூடியே பிடித்திருக்க வேண்டும். கைவிட்டால் அது பக்கத்தில் உட்கார்ந்திருப்பவரின் பல்லைப் பதம் பார்த்துவிடும்.

ஆற்றில் விழுந்துவிட்டால் மல்லாந்து படுத்து, ஓட்டம் போகும் பக்கம் காலை நீட்டிக்கொள்ளுங்கள். எழுந்து நிற்க முயலவே கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால், தொடையளவு தண்ணீர்கூட ஆளைக் குப்புறத் தள்ளி அமுக்கிவிடும். மகளிடம் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

எந்த நேரத்தில் ஆற்றில் இறங்குவது நல்லது? (கல்லூரி மாணவர், ஜொகூர் பாரு)

காலையில். இங்கே மழை பெரும்பாலும் பிற்பகலில்தான் பிடிக்கும்; அக்டோபர் முதல் டிசம்பர் வரை கூடுதலாகவே பெய்யும்.

நான் பயப்படுவது தலைக்கு மேல் பெய்யும் மழைக்கு அல்ல, ஆறு இறங்கி வரும் தித்திவங்சா மலையில் பெய்யும் மழைக்கு. படகுத்துறையில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மேலேயிருந்து வெள்ளம் ஒரேயடியாக இறங்கிவிடும். மலாயில் கெப்பாலா ஆயர் என்பார்கள். தெளிந்த தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் கூட்டமாக மிதந்து வந்தாலோ, ஆற்றின் இரைச்சல் மாறினாலோ உடனே மேட்டுக்கு ஏறிவிடுங்கள். செருப்பு, கைப்பேசி எதையும் எடுக்கத் திரும்பாதீர்கள். பயணம் இன்று இல்லை என்று வழிகாட்டி சொன்னால், தயவுசெய்து அவரிடம் பேரம் பேசாதீர்கள்.

கோலாலம்பூரிலிருந்து ரயில் உண்டா? (சென்னை வாசகர்)

கோப்பேங்கில் ரயில் நிலையம் இல்லை. இ.டி.எஸ். என்னும் மின்சார ரயிலில் கம்பார், பத்து காஜா, ஈப்போ ஆகிய மூன்றில் எங்கு வேண்டுமானாலும் இறங்கிக் காரில் வரலாம். சுற்றிப் பார்க்கும் எண்ணம் இருந்தால் ஈப்போவிலேயே வாடகைக் கார் எடுத்துக்கொள்வது நல்லது.

ஈயச் சுரங்கம் என்கிறார்கள், ஆனால் ஊரில் சுரங்கம் எதையும் காணோமே? (ஆசிரியை, தைப்பிங்)

நல்ல கேள்வி. நம் ஊர் இருக்கும் கிந்தா பள்ளத்தாக்கில் ஈயத்தைப் பெரும்பாலும் பூமிக்கு அடியில் குடைந்து எடுக்கவில்லை, டீச்சர். திறந்தவெளியில் தண்ணீரைக் கொண்டுதான் எடுத்தார்கள். மலையிலிருந்து பெரிய இரும்புக் குழாய்களில் நீரைக் கொண்டுவந்து, குறுகிய வாய் வழியே மண்மேட்டின் மீது பீய்ச்சி அடித்துக் கரைத்தார்கள். அந்தச் சேற்றைப் பம்பால் உறிஞ்சி, பலோங் என்னும் நீண்ட மரச் சரிவின் உச்சிக்கு ஏற்றி ஓடவிட்டார்கள். ஈயத் தாது மணலைப் போல இரண்டரை மடங்குக்கும் மேல் கனமானது. அதனால் அது குறுக்குக் கட்டைகளுக்குப் பின்னே தங்கிவிடும், மணல் ஓடிவிடும். அந்த மணல் சேர்ந்து இப்பகுதி ஆறுகளைத் தூர்த்தது. கம்பார் ஆற்றில் துடுப்புப் போடுகிறவர்கள் இந்த நீர்தான் மலையையே கரைத்தது என்பதைத் தெரிந்துகொண்டு போட வேண்டும் என்பது என் ஆசை.

1985 அக்டோபரில் உலகச் சந்தையில் ஈய விலை சரிந்ததும் சுரங்கங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டன. பழைய குழாய்களின் சில பகுதிகளைக் கோப்பேங்கில் இன்றும் காணலாம். கடைத்தெருவையும் நடந்து பாருங்கள். இயூ யான் சாங் என்னும் சீன மருந்துக் கடை 1879-இல் பிறந்தது இந்த ஊரில்தான். கம்பாரில் உள்ள ஈயச் சுரங்க அருங்காட்சியகத்தில் பலோங்கையும், பெண்கள் ஆற்றில் நின்று தாது அரித்த டூலாங் தட்டையும் காட்டுகிறார்கள். பத்து காஜா பக்கம் ஈயத் தாதுவை அள்ளி எடுக்க 1938-இல் கட்டிய தூர்வாரிக் கப்பல் ஒன்று நிற்கிறது. ஏறத்தாழ 4,500 டன் எடை! உள்ளே விடுகிறார்களா என்று கேட்டுவிட்டுப் போங்கள்.

பழைய ஈயக்குட்டைகளில் நீந்தலாமா? (சிரம்பான் இளைஞர்)

ஈயம் எடுத்த பள்ளங்களில் தண்ணீர் தேங்கியவை அவை. வேண்டாம், தம்பி. கரையிலிருந்து இரண்டு எட்டு வைப்பதற்குள் ஆழம் செங்குத்தாக இறங்கும், அடியில் காலை விடாத சேறு. தண்ணீர் அசையாமல் இருப்பதை நம்பிவிடாதீர்கள். நாரைகளும் கொக்குகளும் கூடு கட்டும் குட்டைகளைக் கரையில் நின்றே பாருங்கள்.

அப்பாவுக்கு 70 வயது. அவர் பார்க்க என்ன இருக்கிறது? (ஒரு மகன், பினாங்கு)

தெம்புரோங் குகையின் முற்பகுதியை மேடைப்பாதையில் நடந்தே பார்க்கலாம். உள்ளே போகப் போகப் படிகள் அதிகம். குகைக்குள் ஓடும் ஓடையில் ஊர்ந்து போகும் பயணத்துக்கு அவரைக் கூட்டிப் போக வேண்டாம்.

அவருக்கு நான் சொல்வது கெல்லி மாளிகை. பத்து காஜா போகும் வழியில், ராயா ஆற்றங்கரையில் நிற்கிறது. ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் கட்டத் தொடங்கி, 1926-இல் லிஸ்பனில் அவர் இறந்ததால் முடியாமல் போன வீடு. கட்டியவர்களில் பலர் சென்னை மாகாணத்திலிருந்து வந்த நம் தமிழர்கள். காய்ச்சல் பரவி அவர்களில் பலர் மாண்டபோது, மற்றவர்கள் கேட்டுக்கொண்டதற்கிணங்க அருகில் மாரியம்மன் கோயில் எழுந்தது. அதன் மேல் வரிசையில், தெய்வங்களுக்கு நடுவே, வெள்ளை உடையும் தொப்பியுமாக ஒரு துரையின் உருவம் நிற்பதை அப்பாவிடம் காட்டுங்கள். மாளிகைக்கு வருகிற பலர் கோயிலை எட்டிப் பார்க்காமலே போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்.

ரஃப்லேசியா பூவைக் கட்டாயம் பார்க்க முடியுமா? (புகைப்படக்காரர், சிங்கப்பூர்)

யாராலும் உறுதி சொல்ல முடியாது. மொட்டு முதிர மாதக் கணக்காகும்; மலர்ந்த பூ ஒரு வாரத்துக்குள் கருகிவிடும். அருகிலுள்ள உலு கெரோ கிராமத்தில் வாழும் செமாய் பழங்குடி மக்களிடம் முந்தைய நாளே விசாரியுங்கள். எந்த மொட்டு எப்போது விரியும் என்று அவர்கள் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் காட்டுக்குள் போகாதீர்கள். பூவுக்கு அருகே கால் வைக்குமுன் தரையைப் பாருங்கள். அது ஒட்டி வாழும் கொடி அங்கேதான் படர்ந்திருக்கும்.