பழைய செய்தித்தாள்களில் ஒரே ரயில் பாதைக்கு வேறு வேறு அகலம் போட்டிருக்கிறதே, எதை நம்புவது?

எண்ணைப் பார்க்கும் முன் தேதியைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சிக்காலப் பத்திரிகைகளில் ஒன்றோடொன்று மோதும் அளவுகள் பலவும் அவை வெளியான நாளில் சரியாகவே இருந்திருக்கும். திட்டத்தில் ஓர் அகலம், ஒப்பந்தத்தில் இன்னொன்று, கடைசியில் போட்டது மூன்றாவது. பத்திரிகை மூன்றையும் ஒரே தொனியில் எழுதிவிடும்.

மீட்டர் கேஜ் இதற்கு நல்ல உதாரணம் (கேஜ் என்றால் இரு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம்). இந்தியாவில் செலவு குறைந்த பாதைகளுக்கு என்ன அகலம் வைப்பது என்று 1870-ல் ஆராய்ந்த குழுவில் ஸ்ட்ரேச்சி, டிக்கன்ஸ், ரெண்டல் மூவரும் 2 அடி 9 அங்குலம் என்றார்கள். ஜான் ஃபவுலர் மட்டும் 3 அடி 6 அங்குலம் வேண்டும் என்றார். வைஸ்ராய் மேயோ பிரபு இடையில் 3 அடி 3 அங்குலத்தைத் தேர்ந்தெடுத்தார். அரசு மெட்ரிக் அளவுக்கு மாறும் யோசனையில் இருந்ததால் அதையும் சற்றே நீட்டி ஒரு மீட்டர், அதாவது 3 அடி 3⅜ அங்குலம் ஆக்கினார்கள். (மெட்ரிக் அப்போது வரவில்லை, மீட்டர் கேஜ் மட்டும் தங்கிவிட்டது.) ஆகவே அந்தக் காலத்துச் செய்திகளில் இந்த நான்கு எண்களில் எது வந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

கல்கா–சிம்லா பாதையும் அப்படித்தான். 1898 ஒப்பந்தத்தில் 2 அடி. ராணுவத் தரப்பின் விருப்பப்படி 1901-ல் அது 2 அடி 6 அங்குலமாக மாறியது. 1903-ல் பாதை திறந்தது. 1899 தேதியிட்ட செய்தியில் 2 அடி என்று இருந்தால் நிருபரைக் குறை சொல்ல முடியாது.

திறந்த பிறகு அகலம் மாறிய பாதைகளும் உண்டு. அரக்கோணம்–காஞ்சிபுரம் பாதை 1865-ல் 3 அடி 6 அங்குலத்தில் திறந்தது. 1878-ல்தான் மீட்டர் கேஜ் ஆனது. நாகப்பட்டினம்–திருச்சி முதலில் 5 அடி 6 அங்குல அகலப் பாதை, மீட்டர் கேஜ் ஆனது 1870-களில். இவற்றைத் தேடும்போது ஆர்க்கோணம், கஞ்சீவரம், நெகபட்டம், ட்ரிச்சினோபொலி என்று அன்றைய ஆங்கில எழுத்துக்கூட்டலையே கொடுங்கள். இன்றைய பெயரைக் கொடுத்தால் ஒன்றும் சிக்காது.

அடுத்த பொறி ‘நேரோ கேஜ்’, அதாவது குறுகிய பாதை என்ற சொல். எண் இல்லாமல் இது மட்டும் இருந்தால் அந்த ஊரில் எதோடு ஒப்பிட்டார்கள் என்று பாருங்கள். 1840-களின் இங்கிலாந்தில் பொறியாளர் புரூனெலின் 7 அடிப் பாதைக்கு எதிரே 4 அடி 8½ அங்குலமே நேரோ. 1850-களில் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், விக்டோரியா தகராறிலும் 5 அடி 3 அங்குலத்துக்கு எதிரே அதே 4 அடி 8½தான். 1865-ல் குயின்ஸ்லாந்து 3 அடி 6 அங்குலத்தில் பாதை திறந்தபிறகு அங்கே நேரோ என்றால் அது. 1870-களின் இந்தியச் செய்திகளில் பெரும்பாலும் மீட்டர் கேஜ்.

இனி அச்சும் ஸ்கேனும். ½ என்ற சிறு எழுத்தை ஓசிஆர் (ஸ்கேன் படத்திலிருந்து எழுத்தைப் படித்தெடுக்கும் மென்பொருள்) சரியாகப் படிப்பதில்லை. ஆங்கில ‘ஜே’ எழுத்தாகவோ வெறும் குறியாகவோ மாற்றிவிடும், சில சமயம் விழுங்கியே விடும். அதனால் 4 அடி 8 அங்குலம் என்று தெரிந்தால் உடனே பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். ⅜ அச்செழுத்து கைவசம் இல்லாத அச்சகத்தில் 3, சிறு கோடு, 8 என்று கோத்திருப்பார்கள். முன்னால் இருக்கும் 3 அங்குலத்தோடு சேர்ந்து அது 33-8 என்று வந்து நிற்கும். மங்கிய அச்சில் 3, 5, 8 மூன்றும் ஒன்றையொன்று ஒத்திருக்கும். 3 அடி 6, 5 அடி 6, 5 அடி 3 எல்லாமே உண்மையில் இருந்த அகலங்கள் என்பதால் தவறு கண்ணுக்கே தெரியாது.

நான்கு பத்திரிகைகளில் ஒரே எண் வந்திருப்பதும் ஆதாரமில்லை. ஒன்றிலிருந்து மற்றொன்று வெட்டி ஒட்டுவதுதான் அன்றைய வழக்கம். வாசகங்கள் ஒன்றாக இருந்தால் அது ஒரே சாட்சி. மிகப் பழைய பிரதியைப் பிடியுங்கள். என்னைக் கேட்டால் தலையங்கத்தைவிட டெண்டர் விளம்பரம் பத்து மடங்கு மேல். தவறான அளவில் டெண்டர் விட்டால் தவறான சரக்கு வந்து இறங்கும், அதனால் அதைக் கவனமாகச் சரிபார்த்திருப்பார்கள்.

டெண்டரில் ஸ்லீப்பர் கட்டையின் (தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே போடும் கட்டை) நீளம் இருந்தால் இன்னும் நல்லது. இந்தியாவில் பின்னாளில் நிலைத்த மரக்கட்டை நீளம் அகலப் பாதைக்கு 9 அடி, மீட்டர் கேஜுக்கு 6 அடி, 2 அடி 6 அங்குலத்துக்கு 5 அடி. செய்தியில் 5 அடி 6 அங்குலம் என்றும் கட்டை 6 அடி என்றும் இருந்தால் இரண்டில் ஒன்று பொய். 3 அடி 6-ஐயும் மீட்டர் கேஜையும் பிரித்துக் காட்ட மட்டும் இந்தச் சோதனை போதாது.

கேஜ் என்பது இரு தண்டவாளத் தலைகளின் உள்விளிம்புகளுக்கு இடைப்பட்ட தூரம். வேடிக்கை பார்க்கப் போன நிருபர் மையத்திலிருந்து மையம் அளந்திருந்தால் ஒரு தலையின் அகலம் கூடிவிடும். வெளிவிளிம்பு அளந்திருந்தால் இரு தலைகளின் அகலம். வழக்கமான அகலத்தைவிட 2 அங்குலமோ 4 அங்குலமோ கூடுதலாக ஓர் எண் வந்தால் இதைச் சந்தேகியுங்கள்.

குறித்து வைக்கும்போது அச்சில் உள்ளதை அப்படியே எழுதி, மில்லிமீட்டரைத் தனியாகப் போடுங்கள். உதாரணமாக, வேல்ஸின் ஃபெஸ்டினியாக் பாதையை 2 அடி என்று முழுமையாக்கி எழுதுவது சகஜம். அதை நம்பினால் 610 மி.மீ. வரும். உண்மையில் அது 1 அடி 11½ அங்குலம், 597 மி.மீ.