மலையில் ஓடும் பிக்கப்புக்கு என்ன டயர்?

கேள்வி: தாண்டிக்குடி பக்கம் காபியும் மிளகும் போட்டிருக்கிறோம் சார். 2019 மாடல் இசுசூ வி-கிராஸ் வைத்திருக்கிறேன், 68,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. கம்பெனி டயர் 255/60 ஆர்18. பட்டன், அதாவது டயர் மேலிருக்கும் ரப்பர்க் கட்டைகள் தேய்ந்துபோய், போன மழையில் தோட்டத்துப் பாதையில் இரண்டு தடவை மாட்டிக்கொண்டேன், பக்கத்துத் தோட்டத்து ஜீப்தான் இழுத்துவிட்டது. தார் ரோட்டிலிருந்து தோட்டத்துக்கு 4 கிலோமீட்டர் மண் பாதை. வாரத்தில் இரண்டு நாள் வத்தலக்குண்டு, சில நாள் திண்டுக்கல் போய் வருவேன். அறுவடை சமயத்தில் 500, 600 கிலோ மூட்டை இருக்கும். நண்பர்கள் மட் டயர் போடச் சொல்கிறார்கள். கடைக்காரர் 265/65 ஆர்18 அளவில் ஏ/டி, அதாவது தார், மண் இரண்டுக்குமான டயர் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும் என்கிறார். எது சரி?

பதில்: மட் டயர் வேண்டாம். ஏ/டி போடுங்கள், ஆனால் கடைக்காரர் சொல்லும் அளவு வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் நிலைமையில்தான் மலையில் பிக்கப் வைத்திருக்கும் முக்கால்வாசிப் பேர் இருக்கிறார்கள், எல்லோரும் மாட்டிக்கொண்ட அந்த ஒரு நாளை மனதில் வைத்தே டயர் வாங்குகிறார்கள்.

உங்கள் வாரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மண் பாதை போக வர எட்டு கிலோமீட்டர். அப்புறம் பெரும்பாறை, சித்தரேவு வழியாக இறங்கி ஏறுகிற தார் ரோடு அதைப் போலப் பல மடங்கு. அதோடு காபிப் பழம் பறிக்கிற நாளும் வடகிழக்குப் பருவமழையும் நவம்பர், டிசம்பரில் ஒன்றாகத்தான் வருகின்றன. அப்படியானால் உங்கள் டயருக்கு நிஜமான சோதனை சேற்றில் இல்லை. பின்னால் அரை டன் மூட்டை, ரோட்டில் நைந்த இலையும் தூறலும், இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவு, எதிரே ஒரு பஸ். அந்த இடத்தில் நீங்கள் பிரேக்கை மிதித்தால் வண்டி நிற்க வேண்டும். சேற்றில் மாட்டினால் ஒரு மணி நேரம் போகும், ஒரு ஜீப்பைக் கூப்பிட வேண்டியிருக்கும். வளைவில் வழுக்கினால் அதற்கு அப்புறம் கூப்பிட ஆள் இருக்காது. இதை மனதில் வைத்துக்கொண்டு டயர் பார்க்கப் போங்கள்.

கடையில் மூன்று டயரையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள். இப்போது உங்கள் வண்டியில் இருக்கும் ஹெச்/டி, அதாவது தார் ரோட்டு டயர், அப்புறம் ஏ/டி, அப்புறம் எம்/டி எனப்படும் மட் டயர். மட் டயரில் கட்டை கட்டையாகப் பட்டன் இருக்கும், நடுவே விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. சேற்றை அள்ளி வெளியே எறிய அந்த இடைவெளி தேவை. ஆனால் அதே இடைவெளியால் தார் ரோட்டைத் தொடுகிற ரப்பர் குறைந்துபோகிறது. இனி ஏ/டி டயரின் ஒரு பட்டனைக் கிட்டத்தில் குனிந்து பாருங்கள். பிளேடால் கீறியதுபோல மெல்லிய கீறல்கள் ஓடும், நகத்தை வைத்தால் நுனி லேசாக மாட்டும். ஈர ரோட்டில் தண்ணீர்ப் படலத்தை வெட்டிப் பிடிப்பதற்கு இந்தக் கீறல்கள்தான் பெரிதும் உதவுகின்றன. மட் டயரில் இவை இருக்காது, இருந்தாலும் சொற்பம். ஏ/டியிலும் எல்லாம் ஒன்று இல்லை. சிலவற்றில் பட்டன் நெருக்கமாகவும் கீறல் நிறையவும் இருக்கும், சில பார்க்கவே மட் டயர் மாதிரி முரடாக இருக்கும். உங்களுக்கு நெருக்கமான வகைதான். ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்: நல்ல ஏ/டி கூட ஈரத் தார் ரோட்டில் நல்ல ஹெச்/டி அளவுக்குச் சட்டென்று நிறுத்தாது. அந்த நாலு கிலோமீட்டர் மண்ணுக்காக அதில் கொஞ்சத்தை விட்டுக்கொடுக்கிறோம். எவ்வளவு குறைவாக விட்டுக்கொடுக்க முடியுமோ அவ்வளவு நல்லது.

இன்னொன்று. எங்கள் பக்கத்துச் செம்மண் களி ஈரமானால், எந்த டயரின் இடுக்கிலும் அப்பி நிரம்பிவிடும், பத்தடி போவதற்குள் டயர் மொட்டையாக, சப்பாத்திக் கட்டை மாதிரி உருள ஆரம்பித்துவிடும். அந்த நேரத்தில் காற்றைக் குறைப்பதுதான் வேலை செய்யும். 32, 34 பிஎஸ்ஐ இருப்பதை 20க்கு இறக்கினால் டயர் நீளமாகப் படுத்து மண்ணைப் பிடிக்கும். மூட்டை ஏற்றியிருக்கும்போது இவ்வளவு இறக்காதீர்கள், ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டயர் நசுங்கும். மேலே தார் ரோடு ஏறியதும் திரும்பக் காற்று பிடித்துவிட வேண்டும், குறைந்த காற்றில் வேகமாக ஓட்டினால் டயர் சூடேறி உள்ளே பிரிந்துவிடும். சிகரெட் லைட்டர் பாயின்ட்டில் சொருகுகிற சின்ன கம்ப்ரசர் ஒன்று வாங்கி சீட்டுக்கு அடியில் போட்டு வையுங்கள். போன மழையில் அது இருந்திருந்தால் இரண்டில் ஒரு தடவையாவது ஜீப் தேவைப்பட்டிருக்காது என்று நினைக்கிறேன்.

இப்போது அளவு. 255/60 ஆர்18 என்றால் அகலம் 255 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 18 இஞ்ச். கணக்குப் போட்டால் டயரின் முழு உயரம் 763 மில்லிமீட்டர் வருகிறது. 265/65 ஆர்18க்கு 802 மில்லிமீட்டர். ஐந்து சதவீதம் அதிகம். வண்டி தரையிலிருந்து உயருவது அதில் பாதிதான், 19 மில்லிமீட்டர். அதற்காக நீங்கள் கொடுப்பது என்ன? ஸ்பீடாமீட்டர் 60 காட்டும்போது முன்பைவிட 3 கிலோமீட்டர் வேகமாகப் போய்க்கொண்டிருப்பீர்கள், அது பெரிய விஷயம் இல்லை. டயர் பெரிதானால் எல்லா கியரும் ஐந்து சதவீதம் உயர்ந்துவிட்ட மாதிரி ஆகிறது, ஏற்றத்தில் இழுவை குறைகிறது, இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு இன்ஜின் பிடித்து நிறுத்துகிற அந்த பலமும் குறைகிறது. மூட்டையோடு மலை இறங்குகிறவருக்கு அந்த பலம்தான் பிரேக்கைக் காப்பாற்றுகிறது. வளைவில் முழுசாக ஸ்டியரிங் ஒடித்தால் உள்ளே உரசவும் செய்யலாம். பழைய அளவிலேயே ஏ/டி கேளுங்கள். கிடைக்கவில்லை என்றால் 265/60 ஆர்18 வரை போகலாம், 12 மில்லிமீட்டர்தான் கூடும், ஒன்றரை சதவீதம் சொச்சம். அதுவும் ஸ்டெப்னியோடு ஐந்து டயரும் ஒரே அளவாக இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் ஃபோர் வீல் போட்டால் முன்னும் பின்னும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும், டயர் உயரம் வேறுபட்டால் கியர் பெட்டிக்குள் முறுக்கம் ஏறும்.

பாரம் பற்றியும் ஒரு வார்த்தை. அளவுக்குப் பக்கத்தில் 112ஹெச் மாதிரி ஒரு எண்ணும் எழுத்தும் இருக்கும். எண் அந்த டயர் தாங்கும் எடை: 108 என்றால் 1000 கிலோ, 112 என்றால் 1120 கிலோ. எழுத்து வேகம்: எஸ் என்றால் 180, டி 190, ஹெச் 210. எழுத்து ஒரு படி குறைந்தால் நம் மலை ரோட்டில் ஒன்றும் ஆகாது, ஏ/டியில் பெரும்பாலும் குறைந்துதான் இருக்கும். ஆனால் எண் மட்டும் உங்கள் பழைய டயரில் இருப்பதைவிட ஒன்றுகூடக் குறையக் கூடாது. போவதற்கு முன்னால் பழைய டயரைத் துடைத்து போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அளவுக்கு முன்னால் எல்டி, அதாவது லைட் டிரக் என்று போட்ட டயரும் காட்டுவார்கள். பக்கச்சுவர் கெட்டியாக இருக்கும், கல் வெட்டைத் தாங்கும். ஆனால் எடை கூடுதல், சாதாரண டயர் தூக்கும் பாரத்தைத் தூக்க அதற்குக் காற்றும் கூடுதலாக வேண்டும், கதவுச் சட்டத்து ஸ்டிக்கரில் உள்ள காற்று போதாது. காலி வண்டியில் அது உடம்பை உலுக்கி எடுக்கும். உடைத்த கல் பரப்பிய குவாரிப் பாதையில் தினமும் ஓட்டுகிறவர்களுக்கு எல்டிதான் சொல்வேன். உங்கள் பாதை மண் என்று எழுதியிருக்கிறீர்கள், சாதாரண ஏ/டி போதும்.

கம்பெனி கேட்பீர்கள். யோகோஹாமா ஜியோலாண்டர் ஏ/டி ஜி015 நான் மேலே சொன்ன நெருக்கமான வகை, ஈரத்தில் நம்பிக்கையாக இருக்கும், என் ஓட்டு அதற்குத்தான். பிஎஃப்குட்ரிச் கேஓ2 கல்லுக்குப் பேர் போனது, எடையும் விலையும் தூக்கல், உங்களுக்கு அவ்வளவு தேவையில்லை. அப்போலோ ஆப்டெரா ஏ/டி2, சியட் கிராஸ்டிரைவ் ஏ/டி இரண்டும் இங்கேயே கிடைக்கும். உங்கள் அளவில், உங்கள் பாரத்துக்கு எது இருக்கிறதோ அதில்தான் தேர்வு.

வாங்கும்போது தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசியில் நாலு எண் இருக்கும். 2324 என்றால் 2024ஆம் வருடம் 23ஆவது வாரம். 2020 ஜூனில் மத்திய அரசு புது டயர் இறக்குமதிக்கு உரிமம் வேண்டும் என்று கட்டுப்பாடு கொண்டுவந்ததிலிருந்து, வெளிநாட்டு டயரில் சில அளவுகள் கிடைப்பதே அரிது, அதனால் கிடங்கில் கிடந்ததும் விலைக்கு வருகிறது. நானே ஒரு தடவை ஒரு கடையில் விலை குறைகிறதே என்று நாலு டயர் எடுத்து மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து, சாவகாசமாகக் கழுவும்போதுதான் பார்த்தேன், நாலில் இரண்டு டயர், மூன்று வருடத்துக்கு முந்தியவை. திரும்பப் போனால் மாட்டிய டயரை எடுக்க மாட்டோம் என்றார்கள். தேதி எண் சில சமயம் ஒரு பக்கச்சுவரில் மட்டும்தான் இருக்கும், அந்தப் பக்கம் உள்ளே போய்விட்டால் கண்ணுக்கே தெரியாது. ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னால் ஐந்தையும் உருட்டிப் பார்த்துவிடுங்கள்.

ஸ்டெப்னியும் சேர்த்து ஐந்தாக வாங்குங்கள், பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை ஐந்தையும் இடம் மாற்றிச் சுற்றில் விடுங்கள். பேலன்சிங்கும் அலைன்மென்ட்டும் மாட்டிய அன்றே. புதுசில் முதல் இருநூறு, முந்நூறு கிலோமீட்டர் டயர் வழுவழுப்பாகத்தான் இருக்கும், அந்த வாரம் மூட்டை ஏற்றாமல் இருந்தால் நல்லது.

கேள்வி: ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து கேரளாவுக்குக் காய்கறி ஏற்றும் பொலிரோ பிக்கப் என்னுடையது. ஏ/டி போட்டால் டயர் அதிக நாள் வருமா?

பதில்: வராது, போடவும் வேண்டாம். நீங்கள் ஓடுவது முழுக்கத் தார், அதுவும் முழு பாரத்தோடு. ஏ/டியின் பட்டன் சூட்டில் துவண்டு துவண்டு மேடு பள்ளமாகத் தேயும், டீசலும் கூடுதலாகக் குடிக்கும். கம்பெனி கொடுத்த அதே அளவில், அதே பாரம் தாங்கும் சரக்கு டயர் போடுங்கள். காய் ஏற்றத் தோட்டத்துக்குள் இறங்க வேண்டியிருந்தால், முன்னால் ரிப் (சுற்றிலும் நீளக் கோடு ஓடும் டயர்), பின்னால் பட்டன் என்று லோடு வண்டிக்காரர்கள் காலங்காலமாகப் போடுவது உங்களுக்கும் சரிவரும், உங்கள் வண்டியைத் தள்ளுவது பின் சக்கரம்தானே. காலையில் டயர் சூடேறுவதற்கு முன்னால் காற்றைப் பாருங்கள். மதியம் கொளுத்துகிற வெயிலில் ஓட்டி நிறுத்தி, காற்று அதிகமாகக் காட்டுகிறதே என்று இறக்கிவிடாதீர்கள், ஆறினால் அது குறைந்துபோகும்.

கேள்வி: என் ஹைலக்ஸில் 265/65 ஆர்17 இருக்கிறது. ஓசூர், பெங்களூர்தான் போய் வருகிறேன். 265/70 ஆர்17 போட்டால் அழகாக இருக்குமே?

பதில்: அழகாகத்தான் இருக்கும். உயரம் 776லிருந்து 803 மில்லிமீட்டர் ஆகும், மூன்றரை சதவீதம் அளவுக்குக் கூடுகிறது, ஸ்பீடாமீட்டர் 100 காட்டும்போது முன்பைவிட 3 கிலோமீட்டருக்கு மேல் வேகமாகப் போவீர்கள். நெடுஞ்சாலையில் சத்தமும் மைலேஜும்தான் உங்களுக்கு முக்கியம், இரண்டுமே கெடும். காசு மிச்சம் பிடித்து அதே அளவில் நல்ல ஹெச்/டி வாங்குங்கள். கைப்புத்தகத்தில் இல்லாத அளவு மாட்டினால், நாளைக்கு ஒரு விபத்து என்று வரும்போது இன்சூரன்ஸ் சர்வேயர் அதைக் கேட்கவும் இடம் உண்டு.

கேள்வி: ஏழு வருட ஏ/டி டயர். பட்டன் பாதிக்கு மேல் இருக்கிறது. இன்னும் ஓட்டலாமா?

பதில்: பட்டனை மட்டும் பார்க்காதீர்கள். இடுக்கில் 1.6 மில்லிமீட்டர் உயரத்தில் ஒரு சின்ன ரப்பர் மேடு இருக்கும், அதுவரை தேய்ந்தால் மாற்ற வேண்டும் என்பது தேய்மானக் கணக்கு. வயதுக் கணக்கு தனி. நல்ல வெளிச்சத்தில் பக்கச்சுவரை லேசாக அழுத்திப் பாருங்கள், பட்டன்களின் அடிவாரத்தையும் பாருங்கள். முடி போல வெடிப்பு ஓடினால், எங்காவது வீக்கம் தெரிந்தால், பட்டன் எவ்வளவு இருந்தாலும் கழற்றிவிடுங்கள். ஐந்து வருடத்துக்கு அப்புறம் வருடம் ஒரு தடவை தெரிந்தவரிடம் காட்டச் சொல்லி மிஷெலின் போன்ற கம்பெனிகளே சொல்கின்றன, பத்து வருடம் ஆனால் பார்க்க எப்படி இருந்தாலும் மாற்றச் சொல்கின்றன. ஸ்டெப்னிக்கும் அதே கணக்கு. வண்டிக்கு அடியில் தொங்கிக்கொண்டிருப்பதால் அதை யாரும் பார்ப்பதில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கிப் பார்த்து, தேதியைப் படித்து, காற்றும் பிடித்து வையுங்கள்.