38-ஆ, 109-ஆ, 26-ஆ? ஹார்ட் டிஸ்க் சூட்டைப் படிக்கும் முறை

கேள்வி: வீட்டுக் கணினியில் ஹார்ட் டிஸ்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற நிரலைப் போட்டுப் பார்த்தேன். மேலே 38 டிகிரி என்று பெரிதாகக் காட்டுகிறது. கீழே அட்டவணையில் வெப்பநிலை வரிசையில் 109 என்றும், அதே வரிசையின் கடைசியில் 26 என்றும் இருக்கிறது. எதை நம்புவது? டிஸ்குக்கு ஆறு வயதாகிறது, குடும்பப் புகைப்படங்கள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன.

பதில்: 38 டிகிரிதான் சரி. பயப்பட வேண்டாம்.

109 என்பது டிகிரியே இல்லை. டிஸ்கைத் தயாரித்த நிறுவனம் தன் கணக்குப்படி போடும் மதிப்பெண் அது. சூடு ஏறினால் இந்த எண் இறங்கும். கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுவதால் இதை விட்டுவிடுங்கள். கடைசிக் கட்டத்தில் நிறைய பூஜ்ஜியங்களுக்குப் பின்னால் நிற்கும் 26-ஐக் கவனியுங்கள். அது ஹெக்ஸாடெசிமல் எண், அதாவது பதினாறை அடிப்படையாகக் கொண்டது. 2 × 16 = 32, அதோடு 6 சேர்த்தால் 38. மேலே காட்டியதும் இதுவும் ஒன்றேதான். அந்த வரிசையின் தொடக்கத்தில் ‘சி2’ என்று இருக்கும். அதுவும் ஹெக்ஸாடெசிமல்தான், சாதாரண எண்ணில் 194. லினக்ஸில் இதே வேலையைச் செய்யும் ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற நிரலைக் கொண்டு பார்த்தால் 194 என்றே காட்டும், சூட்டையும் சாதாரண எண்ணிலேயே தரும்.

சரி, 38 நல்லதா? நல்லதுதான், ஆனால் எப்போது பார்த்தீர்கள் என்பது முக்கியம். கணினியைப் போட்ட ஐந்தாவது நிமிடத்தில் எந்த டிஸ்கும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். பெரிய கோப்புகளை ஒரு மணி நேரம் நகலெடுக்க விட்டு, அதன் முடிவில் பாருங்கள். அறையின் வெப்பநிலையையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். அறையே 34 டிகிரி என்றால் டிஸ்க் 44-க்குப் போவதில் வியப்பில்லை. அறை 22 டிகிரியாக இருந்து டிஸ்க் 44 காட்டினால், பெட்டிக்குள் காற்று ஓடவில்லை என்று அர்த்தம்.

மேசைக் கணினி ஹார்ட் டிஸ்குகள் பலவற்றுக்கும் நிறுவனங்கள் சொல்லும் உச்ச வரம்பு 60 டிகிரி. அதுவரை போகவிட நான் சொல்ல மாட்டேன். 45 வரை கவலை இல்லை. 50-ஐ அடிக்கடி தாண்டினால் காரணம் தேட வேண்டும். 2007-இல் கூகுள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, மிதமான சூடு டிஸ்குகளைக் கொல்வதில்லை என்று காட்டியது. அதே கட்டுரையில், மூன்று நான்கு வயதான டிஸ்குகளில் சூடு ஏற ஏறப் பழுதும் கூடியது தெளிவாகத் தெரிந்தது. அதனால்தான் உங்கள் டிஸ்கின் வயதைக் கேட்டதும் நான் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன்.

காரணம் பெரும்பாலும் எளியதாகவே இருக்கும். பெட்டியின் முன்பக்க வலையில் தூசி கம்பளி மாதிரி படிந்திருக்கும், இல்லையென்றால் இரண்டு டிஸ்குகள் இடைவெளியின்றி ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும். கணினியை அணைத்து, மின் இணைப்பைப் பிடுங்கிவிட்டு, தூசியைத் தட்டுங்கள். ஒரு டிஸ்கை ஓர் அடுக்கு தள்ளி மாட்டுங்கள். ஸ்க்ரூக்களை இறுக்கிப் பொருத்துவதும் உதவும்; உலோகச் சட்டமே சூட்டை வாங்கிக்கொள்ளும். அப்புறம், வெளியே யுஎஸ்பியில் மாட்டும் டிஸ்குகளில் பலவற்றுக்கு ஃபேனே கிடையாது. நீண்ட பேக்கப் எடுக்கும்போது அவற்றின் மேல் துணி, புத்தகம் எதுவும் வைக்காதீர்கள்.

அதே அட்டவணையில் சூட்டைவிட நான் முதலில் பார்ப்பது 05, சி5, சி6 ஆகிய மூன்று வரிசைகளை. கெட்டுப்போனதால் மாற்றப்பட்ட பகுதிகள், படிக்க முடியாமல் காத்திருக்கும் பகுதிகள், திருத்த முடியாதவை என்று அவை கணக்கு வைத்திருக்கும். கடைசிக் கட்டத்தில் எல்லாம் பூஜ்ஜியமாக இருந்தால் நல்லது. வாரத்துக்கு வாரம் எண் ஏறினால், டிஸ்க் 30 டிகிரியில் இருந்தாலும் அதை நம்பாதீர்கள்.

நிரலில் எச்சரிக்கை அளவை 50-இல் வைத்துவிடுங்கள். அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சூட்டைப் பார்த்தால் போதும். ஆனால் அந்தப் புகைப்படங்களை இன்றைக்கே இன்னொரு டிஸ்கில் நகலெடுத்து வையுங்கள். எல்லா எண்களும் நன்றாக இருக்கும்போதே சொல்லாமல் நின்றுபோகும் டிஸ்குகளும் உண்டு.