கொட்டடியில் என்ன சிரிப்பு?

அன்புள்ள ஐயா,

கூடலூர் போகும் வழியில் நடுவட்டத்தில் இறங்கி, சீனக் கைதிகளை அடைத்து வைத்திருந்த பழைய சிறையைப் பார்த்தோம். உள்ளே போனதுமே மூச்சு முட்டியது. புத்தகமும் சிரிப்பும் இருந்தால் சிறையிலும் காலம் தள்ளலாம் என்று நீங்கள் எழுதியது நினைவுக்கு வந்தது, கோபமும் வந்தது. வெளியே இருப்பவர் பேசும் பேச்சல்லவா அது? இன்னொன்று: பழைய புத்தகங்கள் சேர்த்துச் சிறைக்குக் கொடுக்க நினைக்கிறோம். எந்த மாதிரி கொடுக்கலாம்?

ஒரு வாசகி, குன்னூர்

அன்புள்ள அம்மா,

கோபம் நியாயம்தான். சரி, உள்ளே கிடந்தவர் சொன்னதையே சொல்கிறேன்.

வியன்னா மருத்துவர் விக்டர் பிராங்கல் நாஜி முகாமில் கட்டட வேலை செய்தபோது, பக்கத்தில் வேலைசெய்த நண்பரோடு ஓர் ஒப்பந்தம் போட்டார். விடுதலைக்கு அப்புறம் நடக்கக்கூடிய வேடிக்கை ஒன்றைத் தினமும் கற்பனை செய்ய வேண்டும். முகாமில் ஊற்றியது தண்ணீர் சூப். பட்டாணி ஏதாவது இருந்தால் அடியில்தான் கிடக்கும். 'அடியிலிருந்து அள்ளி ஊத்துங்க' என்று கெஞ்சுவார்கள். நாளைக்கு ஒரு விருந்துக்குப் போய், பழக்கதோஷத்தில் அந்த வீட்டு அம்மாவிடமும் இப்படிக் கெஞ்சித் தொலைத்தால்? இதுதான் அவர்களுடைய சிரிப்பு. இதற்குச் சிரிக்க வேண்டுமானால், முதலில் உயிரோடு வெளியே வந்து அந்த விருந்தில் உட்கார்ந்தாக வேண்டும். சில விநாடிதான் தாங்கும் என்று அவரே எழுதியிருக்கிறார். பசியை அது ஆற்றவில்லை.

மண்டேலா அடைபட்டிருந்த தென்னாப்பிரிக்கச் சிறையான ராபன் தீவின் கதை இன்னும் ருசி. சன்னி வெங்கடரத்தினம் என்ற கைதி, ஷேக்ஸ்பியர் தொகுப்புக்குத் தீபாவளி வாழ்த்து அட்டைகளின் சாமிப் படங்களை ஒட்டி, 'எங்கள் வேதப் புத்தகம்' என்று காவலரை நம்பவைத்துவிட்டார். சாமிகளே துணைபோன கடத்தல்! அது கைமாறிப் போனது. பிடித்த இடத்தில் ஆளுக்கொரு கையெழுத்து. மண்டேலா 'ஜூலியஸ் சீசர்' பக்கத்தில் போட்டது 1977 டிசம்பர் 16-இல். நம் வ.உ.சி.யோ, கோவையில் செக்கிழுத்தபின் கண்ணூர்ச் சிறையில் 'மெய்யறம்' எழுதினார்.

தமிழகச் சிறைத்துறையே 'கூண்டுக்குள் வானம்' என்று புத்தகக் காட்சியில் அரங்கு போட்டு, கைதிகளுக்காக நூல்களை நன்கொடையாக வாங்கியிருக்கிறது, தயங்காமல் கொடுங்கள். ஆனால் தன்னம்பிக்கை நூலாக அடுக்கிவிடாதீர்கள். அறிவுரை அங்கே ஏற்கெனவே நிறையக் கிடைக்கும். நகைச்சுவைக் கதைகள், பயண நூல்கள், துப்பறியும் நாவல்கள் எல்லாம் போகட்டும். துப்பறியும் நாவலில் மட்டும் கடைசிப் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அது எந்த நீதிபதியும் விதிக்காத கூடுதல் தண்டனை.