மாத்தளைப் பொதி மாத்தறைக்குப் போன நாள்

கேள்வி: தனியார் நிறுவனமொன்றில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். "பிழை நடந்தால் ஒளிக்காமல் உடனே சொல்லுங்கள்" என்று எங்கள் மெனேஜர் எல்லாக் கூட்டத்திலும் சொல்வார். போன மாதம் புதிதாகச் சேர்ந்த பிள்ளையொருத்தி, ஒரு வவுச்சரை இரண்டு தரம் பதிந்துவிட்டதாகத் தானே போய்ச் சொன்னாள். எல்லோர் முன்னாலும் ஏச்சு விழுந்தது. இந்த மாதம் எங்கள் பிரிவில் பிழையே இல்லை என்று அவர் மேலிடத்துக்கு எழுதியிருக்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?
வாசகி, வெள்ளவத்தை

பதில்: பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயப்படுகிறீர்கள், மகள். நான் கணக்குப் புத்தகத்தோடு வாழ்ந்தவன். பிழையே இல்லாத மாதம் என்று ஒன்றை நான் கண்டதில்லை.

அமெரிக்காவில் ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் இரண்டு மருத்துவமனைகளின் தாதியர் குழுக்களில் மருந்து கொடுப்பதில் நடக்கும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுவில் பிழை குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். வந்த கணக்கோ தலைகீழாக இருந்தது. நல்ல குழுக்களில்தான் கூடுதலான பிழைகள் பதிவாகியிருந்தன. தோண்டிப் பார்த்தபோது காரணம் பிடிபட்டது: அங்கே தாதியர் பயமில்லாமல் பிழையைச் சொன்னார்கள், மற்ற இடங்களில் மூடி வைத்தார்கள். 1996இல் அதை வெளியிட்டார். 1999இல் ஒரு தொழிற்சாலை நிறுவனத்தின் 51 குழுக்களைப் பார்த்து, இந்தப் பயமின்மைக்கு 'உளவியல் பாதுகாப்பு' என்ற பெயரில் எழுதினார். வாய் திறந்தால் அவமானப்பட மாட்டோம் என்று குழுவில் எல்லோரும் நம்புவதுதான் அது.

இதைப் படித்தபோது எனக்குப் புறக்கோட்டைதான் நினைவுக்கு வந்தது. 1991இல் அங்கே ஒரு துணி மொத்தக் கடையில் நான் கணக்கப்பிள்ளை. சிட்டைப் புத்தகத்தில் நீலக் கார்பன் தாளை வைத்து அழுத்தி எழுத வேண்டும். மேல் பிரதி வாடிக்கையாளருக்கு, அடிப் பிரதி பொதி ஏற்றுகிறவர்களுக்கு. அன்றைக்குக் கார்பன் தேய்ந்து போயிருந்தது. மாற்றச் சோம்பல்பட்டேன். நான் எழுதியது மாத்தளை. அடிப் பிரதியில் 'ளை' மங்கி 'றை' மாதிரித் தெரிந்தது. சாரம் 12 கட்டு, மலைநாட்டுக்குப் போகாமல் தெற்கே மாத்தறை லொறியில் ஏறிவிட்டது.

பின்னேரமே எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் சொல்லவில்லை. முந்தின கிழமைதான் இன்னொருவருக்கு முதலாளியிடம் ஏச்சு விழுந்திருந்தது. இரவு முழுக்க நித்திரை இல்லாமல் கிடந்து, காலையில் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, பொதி ஏற்றிய நாட்டாமையைக் கூப்பிட்டார். அந்த மனிதர் தோளில் இருந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டே சொன்னார்: "மாத்தளைக் கடைக்காரர்ட குறி எனக்குத் தெரியும் ஐயா. லொறியில ஏத்தேக்கையே கண்டன். சொன்னா ஏசுவீங்க எண்டு பேசாம இருந்திட்டன்."

முதலாளி கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "அப்ப பிழை என்ட வாயிலதான்" என்றார். அன்றிலிருந்து பின்னேரம் நாலு மணிக்கு எல்லோருக்கும் பிளேன்டீ வரும். நாட்டாமை ஒவ்வொரு பொதியின் ஊரையும் உரத்துச் சொல்வார், நான் சிட்டையைப் பார்த்து 'சரி' சொல்ல வேண்டும். யாராவது பிழை பிடித்தால் முதலாளி அவருடைய பெயரைச் சொல்லி நன்றி சொல்வார். அதைக் கேட்கும்போது அந்த நாட்டாமையின் முகம் எப்படி இருக்கும் என்பது இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது.

உங்கள் மெனேஜரிடம் தனியாகப் போய்ப் பேசுங்கள். அந்தப் பிள்ளையின் கதையை முதலில் எடுக்க வேண்டாம். நீங்கள் செய்த சின்னப் பிழை ஒன்றை, திருத்திய கணக்கோடு சேர்த்துக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவர் அதைப் பொறுமையாகக் கேட்டால், அப்போது அந்த 'பிழையில்லா மாதம்' பற்றிச் சொல்லலாம். அதற்கு முன் இன்றைக்கே அந்தப் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் இருந்து, "நீ சொன்னது சரி" என்று சொல்லுங்கள். அவளுக்கு அதை வேறு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

கேள்வி: ஆறு பேருக்குப் பொறுப்பாளராகி எட்டு மாதம். எல்லோரிடமும் அன்பாகத்தான் இருக்கிறேன். ஆனாலும் என்னை நம்பவில்லை என்று தெரிகிறது. அவர்களுக்குக் கேட்டுத் தருவதாகச் சொன்ன ஓவர்டைம் காசு மட்டும் இன்னும் வரவில்லை.
வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, கடைசி வரியில் நீங்களே பதிலை எழுதிவிட்டீர்கள். மேயர், டேவிஸ், ஷூர்மன் என்ற மூவர் 1995இல் எழுதிய கட்டுரை வேலையிடத்து நம்பிக்கை பற்றிய ஆய்வில் இன்றும் அடிக்கல். ஒருவரை நம்பலாமா என்று பார்க்கும்போது நாம் மூன்றைப் பார்க்கிறோம் என்றார்கள்: திறமை, நம்மீது நல்லெண்ணம், நேர்மை. உங்களிடம் நடுவில் உள்ளது நிறைய இருக்கிறது. ஆனால் அது மூன்றாவதின் இடத்தை நிரப்பாது.

டோனி சைமன்ஸ் என்பவர் அமெரிக்காவிலும் கனடாவிலும் 76 ஹாலிடே இன் ஹோட்டல்களில் ஊழியர்களைக் கேட்டுப் பார்த்தார். மெனேஜர்கள் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார்கள் என்று ஊழியர்கள் கருதிய ஹோட்டல்களில் இலாபமும் கூடுதலாக இருந்தது. காசு கிடைக்காதென்றால் இந்த வெள்ளிக்கிழமையே அதை முகத்துக்கு நேரே சொல்லிவிடுங்கள். யாரிடம் கேட்டீர்கள், என்ன பதில் வந்தது என்றும் சொல்லுங்கள். கேட்கவே இல்லையென்றால் அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கேள்வி: கோட்டைக்குப் பக்கத்தில், சுங்கத்திலிருந்து சரக்கை எடுத்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் நாங்கள் மூன்று பேர், பள்ளிக்கூடக் காலத்துச் சிநேகிதர்கள். ஒருவர் வேலையை மற்றவர் சரிபார்ப்பதில்லை, அவ்வளவு நம்பிக்கை. புதிய முகாமையாளர் அது கூடாது என்கிறார்.
வாசகர், மட்டக்குளி

பதில்: அவர் சொல்வது சரி. கிளாஸ் லாங்ஃபிரெட் என்ற ஆய்வாளர் 2004இல் மாணவர் குழுக்களில் இதைத்தான் கண்டார். நம்பிக்கை கூடக் கூட ஒருவர் வேலையை மற்றவர் பார்ப்பது குறைந்தது. அதோடு ஆளுக்காள் தனித்தனியாக வேலை செய்தால் குழுவின் பெறுபேறு இறங்கியது. சுங்கத்துக்குக் கொடுக்கிற பத்திரத்தில் ஓர் இலக்கம் மாறினால் கொள்கலன் துறைமுகத்தில் கிடக்கும், தாமதக் கட்டணம் ஏறும். சமர்ப்பிக்க முன் ஒருவர் இலக்கத்தை உரத்து வாசிக்கட்டும், மற்றவர் இன்வாய்ஸைப் பார்த்துச் 'சரி' சொல்லட்டும். எங்கள் கடையில் நாலு மணிக்குச் செய்தோம். உங்களுக்கு எந்த நேரம் தோதோ அந்த நேரத்தில் செய்யுங்கள்.