உயர்மூக்கு ஜீப் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பழைய வண்டிகளைப் பற்றி நீங்கள் எழுதுவதை விடாமல் வாசிக்கிறேன். என் ஊர் போடி. தாத்தாவுக்கு மலைமேல் சின்னதாக ஒரு ஏலத்தோட்டம் இருந்தது. அவர் செகண்ட் ஹேண்டில் வாங்கிய மஹிந்திரா ஜீப் ஒன்று தோட்டத்து ஷெட்டில் பதினான்கு வருடமாக நிற்கிறது. பெட்ரோல் வண்டி. ஆர்.சி. புக்கில் 1966 மாடல் என்று இருக்கிறது. மற்ற ஜீப்புகளைவிட இதற்கு மூக்கு உயரம். தாத்தா போனபிறகு யாரும் அதைத் தொடவில்லை.

சித்தப்பா காயலான் கடைக்குப் போட்டுவிடலாம் என்கிறார். இவ்வளவுக்கும் அவர் வண்டி ஓட்டப் பழகியதே அதில்தான். ஒரு பட்டறைக்காரர் வந்து பார்த்தார். பெட்ரோல் இஞ்சினைத் தூக்கிவிட்டு டீசல் போட்டு, பெரிய டயர், பவர் ஸ்டீயரிங் எல்லாம் வைத்து ஆறு மாதத்தில் புது வண்டியாகத் தருகிறேன் என்கிறார். எனக்கு மெக்கானிக் வேலை தெரியாது. ஆனால் சனி ஞாயிறுகளில் கற்றுக்கொண்டு நானே செய்ய ஆசை. எங்கே தொடங்குவது? இஞ்சினை மாற்றுவது சரியா?

ஒரு வாசகர், போடிநாயக்கனூர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள தம்பி,

இஞ்சினை மாற்றாதீர்கள். காயலான் கடைக்கும் போடாதீர்கள். இந்த இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தப் பட்டறைக்காரர் மறுபடி வந்து வண்டியை ஏற்றிக்கொண்டு போய்விடுவாரோ என்று எனக்குப் பதைப்பாகவே இருக்கிறது.

மூக்கு உயரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த ஒரு வார்த்தை போதும், அது சி.ஜே. 3பி என்கிற ஜீப் மாடல். உயரத்துக்குக் காரணம் இஞ்சின்தான். இரண்டாம் உலகப்போருக்காக வில்லிஸ் கம்பெனி செய்த ஜீப்பில் வால்வுகள் எல்லாமே பிளாக்குக்குள் பக்கவாட்டில் இருந்தன. இஞ்சின் குள்ளம், பானட்டும் தாழ்வு. பிறகு அதே 2.2 லிட்டர் இஞ்சினில், பெட்ரோல் கலவையை உள்ளே விடுகிற இன்லெட் வால்வை மட்டும் மேலே ஹெட்டுக்குக் கொண்டுபோனார்கள். புகையை வெளியே விடுகிற எக்சாஸ்ட் வால்வு பழைய இடத்திலேயே இருந்தது. இதற்கு ஹரிக்கேன் என்று பெயர். சக்தி கூடியது, கூடவே உயரமும் கூடியது. பழைய பானட்டுக்குள் அடங்கவில்லை. அதனால் பானட்டையும் கிரில்லையும் உயர்த்தி 1953ல் விட்டதுதான் இந்த மாடல். அமெரிக்காவில் 1968ல் நிறுத்திவிட்டார்கள். 1947ல் வில்லிஸ் ஜீப்புகளைக் கோர்த்து விற்கத் தொடங்கிய மஹிந்திரா, இந்த உயர்மூக்கு வண்டியை அதற்கப்புறமும் பல ஆண்டுகள் செய்தது.

ஆகவே அந்த பெட்ரோல் இஞ்சினை எடுத்துவிட்டால், வண்டியின் உருவம் ஏன் அப்படி இருக்கிறது என்பதற்கான காரணமே போய்விடும். பானட்டைத் திறந்து பாருங்கள். இஞ்சினின் தலையில் ராக்கர் கவர் இருந்தால் ஹரிக்கேன்தான் என்று உறுதி செய்துகொள்ளலாம்.

"எழுபது சொச்சம் குதிரைத்திறன் மலைக்குப் போதாது" என்று பட்டறைக்காரர் சொல்லியிருப்பார். கியரைக் கணக்கில் எடுக்காமல் சொல்கிற பேச்சு அது. பெரிய கியர் லிவருக்குப் பக்கத்தில் குட்டையாக இரண்டு லிவர்கள் இருக்கும். ஒன்று முன் சக்கரங்களுக்கு இழுவையைக் கொடுக்கும், மற்றது லோ, ஹை மாற்றும். லோவில், முதல் கியரில், கியர்பாக்ஸ் ஏறத்தாழ 2.8, டிரான்ஸ்ஃபர் கேஸ் (லோ, ஹை மாற்றுகிற பெட்டி) 2.46, ஆக்சில் 5.38. மூன்றையும் பெருக்கினால் 37 வரும். அதாவது இஞ்சின் 37 சுற்று சுற்றினால்தான் சக்கரம் ஒரு சுற்று சுற்றும். ஏலக்காய் மூட்டையும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு மழைக்காலத்துச் சேற்றில் உங்கள் தாத்தா ஏறிப்போனது இந்த 37ஐ வைத்துத்தான்.

இந்த அமைப்புக்குள் புது டீசல் இஞ்சினைக் கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று பாருங்கள். அதன் முறுக்கைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல அந்த மூன்று கியர் பெட்டி. அதனால் கியர்பாக்ஸை மாற்றுவார்கள். நீளம் மாறும், புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டுவார்கள். மவுண்டிங் வைக்க சேசிஸில் வெல்டிங் அடிப்பார்கள். எடை கூடியதால் முன் ஸ்பிரிங் பட்டா மாறும். கடைசியில் உங்களிடம் மிஞ்சுவது தாத்தாவின் பானட்டும் ஆர்.சி. புக்கும்தான். அந்த ஆர்.சி. புக்கும் சிக்கலாகும். மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அமைப்பிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது. 2019ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது.

இஞ்சின் மாற்றியவர்கள் எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. டார்ஜிலிங் பக்கம் மானேபஞ்சனிலிருந்து 3,636 மீட்டர் உயரத்தில் இருக்கிற சந்தக்ஃபூவுக்கு, 1950களில் வந்த லேண்ட் ரோவர்கள் இன்றும் ஆள் ஏற்றிப் போகின்றன. அவற்றில் பலவற்றில் இப்போது இருப்பது டீசல் இஞ்சின். அந்த ஓட்டுநர்களுக்கு அது அன்றாடப் பிழைப்பு. கிடைத்த இஞ்சினைப் போட்டு வண்டியை ஓடவைத்ததால்தான் அவை இன்னும் உயிரோடு இருக்கின்றன. உங்களுக்கு அந்த நெருக்கடி இல்லையே. சனி ஞாயிறு இருக்கிறது, நிழலுக்கு ஷெட் இருக்கிறது, வண்டி முழுசாக இருக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? முதல் நாளே எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடாதீர்கள். நான் அதைத்தான் செய்தேன். வால்பாறைப் பக்கத்து எஸ்டேட் ஒன்றிலிருந்து வாங்கிய ஜீப். ஆசையில் இரண்டே வாரத்தில் சேசிஸ் வரை பிரித்துவிட்டேன். நட்டு போல்ட்டு எல்லாம் ஒரே டின்னில். ஆறு மாதம் கழித்து எது எங்கே இருந்தது என்று எனக்கே தெரியவில்லை. அந்த வண்டி மறுபடி ஓட நான்கு வருடம் ஆனது. இடையில் இரண்டு முறை விற்றுவிடலாம் என்றுகூட நினைத்தேன். ஓடாத வண்டி மனசை ரொம்பச் சோர்வாக்கிவிடும், தம்பி. ஆகவே முதலில் நிற்கிற நிலையிலேயே இஞ்சினுக்கு உயிர் கொடுங்கள். மற்றது எல்லாம் அப்புறம்.

செல்ஃப் அடித்துப் பார்க்காதீர்கள். டிராக்டர் கட்டி இழுக்கவும் வேண்டாம். பதினான்கு வருடத்தில் பிஸ்டன் ரிங்குகள் சிலிண்டர் சுவரோடு ஒட்டியிருக்கலாம், வேகமாக இழுத்தால் உடையும். நான்கு பிளக்குகளையும் கழற்றுங்கள். டீசலும் இஞ்சின் ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அடுத்த சனிக்கிழமை வந்து மறுபடி ஊற்றுங்கள். அப்புறம் கியரை நியூட்ரலில் வைத்து, முன் பம்பர் வழியாக ஸ்டார்ட்டிங் ஹேண்டிலைப் போட்டு, சுற்ற முயலாமல், இந்தப் பக்கம் கொஞ்சம் அந்தப் பக்கம் கொஞ்சம் அசையுங்கள். அசையாவிட்டால் இன்னொரு வாரம் ஊறட்டும். என் வண்டி ஐந்தாவது வாரம்தான் அசைந்தது. கைக்குள் அந்த அசைவு தெரிந்த நிமிடத்தை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை.

இந்த இஞ்சினுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. நெடுநாள் நின்ற வண்டியில், பிளாக்கில் இருக்கிற எக்சாஸ்ட் வால்வு திறந்த நிலையிலேயே இறுகிப்போயிருக்கும். அந்த சிலிண்டரில் கம்ப்ரெஷன், அதாவது அழுத்தம், வராது. இஞ்சின் போய்விட்டது, சிலிண்டரைக் கடைந்து போர் செய்யவேண்டும் என்று சொல்லிவிடுவார்கள். நம்பிவிடாதீர்கள். பிளாக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினால் எந்த வால்வு இறங்காமல் நிற்கிறது என்று கண்ணாலேயே பார்க்கலாம். ஆயில் விட்டு ஊறவைத்து மெல்ல மெல்ல அசைத்தால் பெரும்பாலும் இறங்கிவிடும்.

டிரைவர் சீட்டுக்கு அடியில் இருக்கிற பெட்ரோல் டேங்க்கில் பழைய பெட்ரோல் பிசினாகியிருக்கும். முதல் முறை ஸ்டார்ட் செய்யும்போது அந்த டேங்க்கை நம்பாதீர்கள், தனியாக ஒரு சின்ன கேனில் இருந்து கொடுங்கள். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை அது இளக்கிவிடும், ஈரத்தையும் இழுக்கும். குழாய்கள், பம்ப்பின் டயஃப்ரம் எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிறதாகப் பார்த்து மாற்றுங்கள்.

ஸ்டார்ட் ஆன சந்தோஷத்தில் ரோட்டில் இறக்கிவிடாதீர்கள். அந்தக் கால ஜீப்பில் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து ஒரே பிரேக் லைன். எங்காவது ஒரு குழாய் வெடித்தால் நான்கும் போய்விடும். போடிமெட்டு இறக்கத்தில் அது என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. மாஸ்டர் சிலிண்டர், நான்கு வீல் சிலிண்டர், குழாய்கள் முழுவதையும் புதிதாகப் போட்டபிறகுதான் வண்டி ஷெட்டைவிட்டு வெளியே வரவேண்டும். செலவு மிச்சம் பிடிக்கிற இடம் இதுவல்ல.

முன் ஆக்சிலின் இரண்டு முனையிலும் உருண்டையாக ஒரு ஹவுசிங் இருக்கும். சக்கரம் திரும்பும்போதே சுழல்கிற ஜாயின்ட் அதற்குள்தான் இருக்கிறது. சீல் காய்ந்து ஆயில் ஒழுகிப்போயிருக்கும், பிரித்துக் கழுவிப் புது சீல் போடுங்கள். இன்னொன்று, இந்த வண்டியில் முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் நடுவில், வேக வித்தியாசத்தை ஈடுகட்டுகிற டிஃபரென்ஷியல் கிடையாது. வளைவில் முன் சக்கரங்கள் பின் சக்கரங்களைவிட அதிக தூரம் போகும். சேற்றில் சக்கரம் வழுக்கி அதைச் சரிசெய்துகொள்ளும். காய்ந்த தார் ரோட்டில் வழுக்காது, முறுக்கு முழுவதும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஷாஃப்ட்டுகளிலும் ஏறும். ஃபோர் வீல் போடுவதைத் தோட்டத்துச் சேற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

டயர், வண்டிக் கம்பெனி போட்ட 6.00-16 அளவிலேயே இருக்கட்டும்.

காகித வேலையை இன்றே தொடங்கலாம். ஆர்.சி. தாத்தா பெயரில் இருக்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, மற்ற வாரிசுகளின் சம்மதம் (சித்தப்பாவின் கையெழுத்தும் இதில் வரும்), படிவம் 31. காலம் கடந்துவிட்டதால் அபராதம் இருக்கும், கட்டிவிடுங்கள். சேசிஸ் நம்பரையும் இஞ்சின் நம்பரையும் மண்ணெண்ணெய் தொட்ட துணியால் துடைத்து, மேலே காகிதம் வைத்துப் பென்சில் தேய்த்து அச்சு எடுத்து ஆர்.சி.யோடு ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் கிரைண்டர் படவே கூடாது.

ஐம்பது வருடம் தாண்டிய வண்டிகளுக்கு 2021ல் தனி விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டினால் 'விஏ' எழுத்துடன் புது எண், பத்து வருடத்துக்குச் செல்லும். உங்கள் வண்டிக்கு அந்தத் தகுதி இருக்கிறது. ஆனாலும் நான் பரிந்துரைக்கமாட்டேன். அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பழுதுபார்க்க என்று சிலவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். இது தோட்டத்துக்குப் போய்வந்த வண்டி, இனிமேலும் போய்வரவேண்டும். பழைய எண்ணிலேயே பதிவைப் புதுப்பிக்க முடிகிறதா என்று முதலில் பாருங்கள்.

பெயிண்ட் கடைசி வேலை. என் வண்டியின் பானட்டை, பழைய பெயிண்டை எடுக்க, ஒரு பட்டறையில் மணல் அடிக்கக் கொடுத்தேன். அடித்த வேகத்தில் தகடு நெளிந்து அப்பளம்போல ஆகிவிட்டது. அதை மறைக்க அரை அங்குலத்துக்குப் பட்டி பூசினார்கள். டாஷ்போர்டில் இருந்த பெயர்த்தகட்டையும் கழற்றித் தொலைத்துவிட்டார்கள். அந்தத் தகட்டை நினைத்தால் இன்றும் எனக்கு வருத்தம்தான். நீங்கள் தகடுகளைக் கழற்றி வீட்டுக்குள் வையுங்கள். டாஷ்போர்டின் பின்பக்கம் தடவிப் பாருங்கள், மூலப் பெயிண்ட் அங்கே தப்பித்திருக்கும். பானட்டில் ஒரு ரூபாய்க் காசு அளவு இடத்தை நைஸ் உப்புத்தாளால் தேய்த்தால் எத்தனை நிறம் மாறியிருக்கிறது என்று வரிசையாகத் தெரியும். அதில் தாத்தா அடித்த நிறம் எது என்று வீட்டில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். மூலநிறத்தைவிட எனக்கு அதுதான் சரி என்று படுகிறது. ஃப்ளோர் தகட்டுக்கு அடியில் இருக்கிற சேனல்களில் சேறு தங்கி உள்ளிருந்தே துரு தின்றிருக்கும். அதை மட்டும் வெட்டிப் புதுத்தகடு வைத்துத்தான் ஆகவேண்டும்.

கற்றுக்கொடுக்க ஆள் வேண்டுமே என்று யோசிப்பீர்கள். தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு தினமும் விடியலில் இடுக்கி ஏலமலைகளுக்கு ஜீப்புகள் கிளம்புகிற ஊர் உங்களுடையது. இந்த இஞ்சினைக் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப்போட்ட ஒரு மேஸ்திரியாவது போடியில் இருப்பார். இப்போது எழுபது வயது தாண்டியிருக்கும். பட்டறையை மூடியிருப்பார். கை நடுங்கினால்கூடப் பரவாயில்லை, பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து சொன்னால் போதும், கழற்றுவது உங்கள் வேலை.

தாத்தா அந்த ஜீப்பை யாரிடம் வேலைக்கு விட்டார் என்பது சித்தப்பாவுக்குத்தான் தெரியும். அந்த வண்டியில் ஓட்டப் பழகியவர் இல்லையா? காயலான் கடைப் பேச்சை விட்டுவிட்டு, இந்த ஞாயிற்றுக்கிழமை அவரிடம் அந்த மேஸ்திரி வீடு எங்கே என்று கேளுங்கள். முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போங்கள். பிளக்குகளைக் கழற்றியதும் எனக்குப் படம் அனுப்புங்கள்.

அன்புடன்.