மம்மியை விடுங்கள்!

கேள்வி: எகிப்தியப் புராணத்தை வைத்து இளையோருக்கு ஒரு சாகசக் கதை எழுதப்போகிறேன். மம்மி, பிரமிடு தவிர அதில் என்ன இருக்கிறது?

பதில்: மம்மி பாவம், ஏகப்பட்ட கதைகளில் நடந்து களைத்துவிட்டது. சூரியக் கடவுள் ரா ஒவ்வோர் இரவும் பாதாளத்தின் 12 மணி நேரத்தைப் படகில் கடக்கிறார், வழியில் அபெப் என்ற ராட்சதப் பாம்பு மறிக்கிறது, அதை ஈட்டியால் குத்தி விரட்டுவது யார் தெரியுமா, சொந்த அண்ணன் ஒசைரிஸைக் கொன்ற சேத்! வில்லனே காவல்காரன். வேறென்ன வேண்டும்? அப்புறம் அந்தத் தராசு. ஒரு தட்டில் செத்தவரின் இதயம், மறுதட்டில் உண்மையின் தெய்வமான மாஅத்தின் இறகு. இதயம் கனத்தால் அம்மித் என்ற மிருகம் அதை விழுங்கிவிடும்: முதலைத் தலை, சிங்கத்தின் முன்னுடல், பின்பக்கம் நீர்யானை. சரி, ஒரு பொய்யை மறைத்துக்கொண்டு உங்கள் நாயகி அதன்முன் நிற்கட்டும், தட்டு லேசாகச் சாயும்போதே கதையைத் தொடங்குங்கள்.